கட்டளை வரியில் சூளூர்பேட்டை

கோப்பின் பெயர் படிப்பவருக்கு ஒரு சொல். அதைச் சேமித்து வைக்கும் இயங்குதளத்துக்கு அது பைட்டுகளின் வரிசை. 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைத் தாங்கும் சேமிப்பு அலகே பைட் எனப்படுகிறது. லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் மரபு இயங்குதளங்கள் ஒரு பெயருக்குள் இரண்டே பைட்டுகளைத் தடுக்கின்றன: கோப்புகளைத் தொகுத்து வைக்கும் அடைவுகளின் பெயர்களைப் பிரித்துக்காட்டும் சாய்கோடு ஒன்று, பெயர் முடிந்ததைக் குறிக்கும் சுழி மதிப்புள்ள பைட் மற்றொன்று. எஞ்சிய 254 பைட்டுகளும், அவற்றுள் இடைவெளி, உடுக்குறி (*), மேற்கோள்குறி, வரிமுறிப்பு ஆகியனவும், பெயரின் எந்த இடத்திலும் வரலாம். இவ்வளவு தாராளமாகப் பெயரை ஏற்கும் இயங்குதளத்தின் மீது, பெயரைச் சொற்களாக உடைத்துப் பார்க்கும் பழக்கமுடைய ஷெல் அமர்ந்திருக்கிறது. தட்டச்சிட்ட கட்டளை வரியைப் படித்து, விரித்து, உரிய நிரலிடம் ஒப்படைக்கும் இடைநிலை நிரலே ஷெல். கோப்புகள் தவறி அழிவதற்கும் தவறான கோப்பு திறக்கப்படுவதற்கும் உள்ள காரணங்களுள் ஒரு பகுதி இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முரணிலிருந்தே பிறக்கிறது.

இம்முரணை ஆராய்வதற்குச் சூளூர்பேட்டை என்ற ஊர்ப்பெயர் நல்ல சான்றாகும். சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் அமைந்து, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு வாயிலாக விளங்கும் இவ்வூர், 2022 ஏப்ரல் 4 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, அன்று உருவான திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. தமிழில் சூளூர்பேட்டை என்றும் சூலூர்பேட்டை என்றும், தெலுங்கில் இடையே ஓர் உகரத்துடனும், ஆங்கிலத்தில் லகரம் ஒன்றாகவும் இரண்டாகவும், இறுதி உயிர் இருந்தும் இல்லாமலும் எழுதப்படும் பெயர் இது. இவற்றுள் முதல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், தமிழ் இலக்கணப்படி அது ஆறெழுத்துச் சொல். ஒருங்குறியில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் தரத்தில், மெய்யும் அதன்மேல் ஏறும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண் பெறுவதால், அது பன்னிரண்டு குறியெண்கள். அவ்வெண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால், அது முப்பத்தாறு பைட். ஆறு, பன்னிரண்டு, முப்பத்தாறு என்ற மூன்று அளவுகளுள் எதை ஒரு கருவி கணக்கில் கொள்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறுகிறது. ஏதேனும் ஓர் எழுத்துக்கு ஈடாக நிற்கும் கேள்விக்குறியைக் கட்டளையில் இட்டால், யுடிஎஃப்-8 சூழலில் அது ‘பே’ முழுவதற்கும் ஈடாகாது, பகரத்துக்கு மட்டுமே ஈடாகும். சூழல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் கொள்ளும் பழைய ‘சி’ அமைப்பில் இருந்தால் பகரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கே ஈடாகும்.

தொடக்ககால யூனிக்ஸ், அடைவில் ஒரு கோப்புக்குப் பதினாறு பைட் ஒதுக்கி, இரண்டைக் கோப்பின் உள் எண்ணுக்கும் பதினான்கைப் பெயருக்கும் வைத்தது. இன்றைய யுடிஎஃப்-8 முறையில் அந்தப் பதினான்கில் ‘சூளூ’ வரைதான் அடங்கும். 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 இந்த எல்லையை 255 பைட்டாக உயர்த்தியது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையிலும் அதே எல்லைதான். ஆங்கிலத்தில் 255 எழுத்துக்கு இடமுள்ள இடத்தில் தமிழுக்குக் கிடைப்பவை 85 குறியெண்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையோ பைட்டை எண்ணாமல் பதினாறு பிட் அலகுகளை எண்ணுவதால் 255 தமிழ்க் குறியெண்களையும் ஏற்கிறது. எனவே ஒரு நீண்ட தமிழ்த் தலைப்பு விண்டோஸில் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டு, லினக்ஸுக்குப் படியெடுக்கும்போது பெயர் மிக நீளம் என்று மறுக்கப்படுவது கெட்ட வட்டின் அடையாளம் அன்று. எண்ணும் முறையின் வேறுபாடு மட்டுமே.

யுடிஎஃப்-8 பிறந்த கதையும் கோப்புப் பெயரோடு தொடர்புடையது. 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்த இம்முறை, கோப்பு முறைமைக்குப் பாதுகாப்பான குறிமுறை என்ற பொருள்படும் பெயரால் முதலில் வழங்கியது. ஆங்கிலமல்லாத எந்த எழுத்தின் பைட்டும் 128க்குக் குறையாதபடி அது அமைக்கப்பட்டதால், சாய்கோடாகவோ சுழியாகவோ தவறாகக் கொள்ளப்படும் பைட் ஒன்றுகூடத் தமிழ் எழுத்துக்குள் வராது. தமிழ்க் குறியெண் எதுவும் 224 என்ற பைட்டில் தொடங்கி, 174 அல்லது 175ஐ இரண்டாவதாகக் கொண்டிருக்கும். இதன் விளைவு பலரும் கவனிக்காத ஒன்று: தூய தமிழ்ப் பெயரைக் கண்டு ஷெல் ஒருபோதும் தடுமாறுவதில்லை. தமிழில் கோப்புக்குப் பெயரிட்டால் கணினி கெட்டுவிடும் என்று அலுவலகங்களில் நிலவும் அச்சத்துக்கு, டிஸ்கி, டாப், டாம் முதலிய எட்டு பிட் குறிமுறைகள் வழங்கிய காலத்தில் ஓரளவு காரணம் இருந்தது, இன்று இல்லை. தடுமாற்றம் தருவன பெரும்பாலும் எல்லா மொழியினருக்கும் பொதுவான இடைவெளியும் கழித்தல் குறியும் பிற குறிகளுமே.

இடைவெளியிலிருந்தே தொடங்கலாம். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லும் அதன் வழிவந்த பாஷும், டாலர் குறியிட்டு அழைக்கப்படும் மாறியின் மதிப்பை வரியில் பதித்தபின், அம்மதிப்பை இடைவெளி, தாவல், வரிமுறிப்பு ஆகிய மூன்றிடத்திலும் மீண்டும் வெட்டுகின்றன. வெட்டிய துண்டுகளில் உடுக்குறியோ கேள்விக்குறியோ இருந்தால் அவற்றுக்குப் பொருந்தும் கோப்புகளையும் தேடி நிரப்புகின்றன. மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள்குறி இட்டால் இவ்விரண்டும் நடப்பதில்லை. ‘சூளூர்பேட்டை பட்டா நகல்’ என்ற ஒரே கோப்பை மேற்கோளின்றி ‘ஆர்எம்’ என்ற அழிப்புக் கட்டளைக்குத் தந்தால், கட்டளை மூன்று கோப்புகளைத் தேடும். ‘நகல்’ என்ற பெயரில் வேறொரு கோப்பு அங்கே இருந்துவிட்டால், கேட்டது கிடைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கேளாததை அழித்துவிடும்.

இது ஏட்டளவில் நின்ற ஐயம் அன்று. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0இன் நிறுவி, பழைய பதிப்பை அழிக்கும் வரியில் வட்டின் பெயரை மேற்கோளின்றி வைத்திருந்தது. வட்டுப் பெயரில் இடைவெளி இருந்த சில கணினிகளில் அந்த இடைவெளிக்கு முன்னுள்ள பகுதியே தனிப் பெயராகக் கொள்ளப்பட்டு, வேறு வட்டின் தரவு முழுவதும் அழிந்தது. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று 2.0.1ஐ வெளியிட்டது. 2011இல் பம்பிள்பீ என்ற திறமூல நிரலின் நிறுவல் தொடரில் நிரலாளர் கைதவறி இட்ட ஒரே ஓர் இடைவெளி, லினக்ஸின் ‘யுஎஸ்ஆர்’ என்ற முதன்மை அடைவு முழுவதையும் அழிப்புப் பட்டியலில் சேர்த்தது. முன்னதில் இடைவெளி பெயரில் இருந்தது, பின்னதில் கட்டளையில் இருந்தது. ஷெல்லுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

இவ்வெட்டல் தவிர்க்க முடியாத விதியும் அன்று. 1990இல் தோன்றி 2019 முதல் மேக் கணினிகளின் இயல்பு ஷெல்லாக உள்ள இசட்-ஷெல், மேற்கோள் இல்லாத மாறியை வெட்டுவதில்லை. ஃபிஷ் ஷெல்லும் வெட்டுவதில்லை. எனவே குறை பெயரில் உள்ளதா ஷெல்லில் உள்ளதா என்ற கேள்விக்கு வரலாறே ஒரு விடை தந்திருக்கிறது. இருப்பினும் பாஷில் எழுதப்பட்ட பழைய நிரல்தொடர்கள் எங்கும் ஓடிக்கொண்டிருப்பதால், மாறி கண்ட இடமெல்லாம் இரட்டை மேற்கோள் என்ற பழக்கத்துக்கு மாற்று இல்லை.

இடைவெளிபோலத் தோன்றி இடைவெளியல்லாத குறிகளும் உண்டு. மேக் கணினிகளின் அண்மைப் பதிப்புகள் திரைப்பிடிப்புக் கோப்புக்குத் தாமே பெயரிடும்போது, மணிக்குப் பின் வரும் முற்பகல் பிற்பகல் குறிப்புக்கு முன்னால் பிரியாக் குறு இடைவெளி என்ற தனிக் குறியெண்ணை இடுகின்றன. பெயரைக் கண்ணால் பார்த்து அப்படியே தட்டச்சிடுபவருக்கு அக்கோப்பு கிடைக்காது. தாவல் விசையை அழுத்தி ஷெல்லையே பெயரை நிரப்பச் சொல்வதுதான் இங்கே நம்பத்தக்க வழி. கண்ணைவிட ஷெல்லுக்கு அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

அடுத்தது கழித்தல் குறியில் தொடங்கும் பெயர். கட்டளைகள் தம் நடத்தையை மாற்றும் தேர்வுகளைக் கழித்தல் குறியைக் கொண்டே அடையாளம் காண்பதால், ‘- பட்டா’ என்று பட்டியல் பாணியில் பெயரிடப்பட்ட அப்பாவிக் கோப்பும் ஏவலாகிவிடுகிறது. உடுக்குறியோடு இது சேரும்போது நிலைமை மோசமாகிறது. உடுக்குறியை விரிப்பது ஷெல். அழிப்புக் கட்டளையைச் சேர்வது விரிந்த பெயர்களே ஆதலால், எந்தச் சொல் மனிதர் எழுதியது, எந்தச் சொல் அடைவிலிருந்து வந்தது என்பதை அறியும் வாய்ப்பு அக்கட்டளைக்கு இல்லை. கழித்தல் குறியோடு ஆர், எஃப் என்ற இரண்டெழுத்தைப் பெயராகக் கொண்ட கோப்பு ஓர் அடைவில் இருந்தால், அங்கே உடுக்குறியிட்டு ஏவப்படும் எளிய அழிப்பு, உள்ளடைவுகளையும் கேளாமல் அழிக்கும் அழிப்பாக மாறும். லினக்ஸில் வழங்கும் குனு கருவிகள் தேர்வுகளை வரியின் எந்த இடத்திலிருந்தும் ஏற்பதால், அப்பெயர் வரிசையில் எங்கே விழுந்தாலும் விளைவு ஒன்றே. 2014இல் லியோன் யுரானிச் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதையே தாக்குதல் உத்தியாக விரித்துக்காட்டினார்: ‘டார்’ என்ற பொதிக்கும் நிரலுக்கு, இடையிடையே ஒரு கட்டளையை இயக்கு என்று சொல்லும் தேர்வு உண்டு, அத்தேர்வையே பெயராகக் கொண்ட வெற்றுக்கோப்பைப் பொது அடைவில் விட்டுவிட்டால், இரவுதோறும் உயர் உரிமையோடு ஓடும் காப்புநகல் நிரல்தொடர் அந்நியரின் கட்டளையைத் தானே இயக்கும்.

இதற்கு இரண்டு தடுப்புகள் வழங்குகின்றன. தேர்வுகள் இத்துடன் முடிந்தன என்பதைத் தெரிவிக்கும் இரட்டைக் கழித்தல் குறியை (--) பெயர்களுக்கு முன் இடுவது ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் முன் ‘இந்த அடைவில்’ என்று பொருள்படும் புள்ளியும் சாய்கோடும் சேர்ப்பது, அதாவது வெறும் * என்பதற்குப் பதிலாக ./* என எழுதுவது, மற்றொன்று. இரண்டாவதே மேலானது. தனிக் கழித்தல் குறி மட்டுமே பெயராக இருந்தால், பல கட்டளைகள் இரட்டைக் குறிக்குப் பின்னரும் அதை விசைப்பலகை உள்ளீடு என்றே கொள்ளும். புள்ளியும் சாய்கோடும் கொண்டு தொடங்கும் பெயரிலோ அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

வரிமுறிப்பைக் கொண்ட பெயர் அரிது. ஆனால் கேடு பெரிது. வேறு செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய தலைப்பில் வரிமுறிப்பும் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. கோப்புப் பட்டியலை வரிவரியாகப் படிக்கும் நிரல்கள் யாவும் அதை இரண்டு கோப்பாக எண்ணும். கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’ நிரலின் விளைவை, பெயர்களைத் திரட்டி வேறு கட்டளைக்கு ஊட்டும் ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ நிரலுக்கு அனுப்பும் வழக்கம் இதனால் பழுதுபடுகிறது. எக்ஸ்ஆர்க்ஸ் இயல்பாகவே இடைவெளியில் வெட்டுவதோடு மேற்கோள்குறிக்கும் பின்சாய்கோட்டுக்கும் தனிப் பொருள் தருவதால், வரிமுறிப்பு இல்லாத பெயர்கூட அங்கே சிதையலாம். பெயருக்குள் வரவே இயலாத ஒரே குறி சுழி பைட் என்பதால் (சாய்கோடு முழுப் பாதைக்குள் வரும்), பெயர்களைச் சுழியால் பிரித்து அனுப்பும் தேர்வைக் குனு கருவிகள் நெடுங்காலமாகக் கொண்டிருந்தன. 2024இல் வெளிவந்த பாசிக்ஸ் தரம், அதாவது யூனிக்ஸ் மரபு இயங்குதளங்களுக்கான பொது வரையறை, அத்தேர்வை ஃபைண்டுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்கும் உரியதாக ஏற்றதுடன், வரிமுறிப்புள்ள பெயரோடு புதுக் கோப்பு உருவாவதைக் கருவிகள் மறுப்பதையும் ஊக்குவித்தது. எதையும் ஏற்பேன் என்று பல பதிற்றாண்டுகள் சொல்லிவந்த மரபு, ஒரு பைட்டளவுக்கேனும் இறங்கி வந்ததை இதில் காணலாம். ஃபைண்டின் உள்ளேயே கட்டளையை இணைத்து இயக்கும் வழி இதனினும் எளிது; பெயர் குழாய்வழியே பயணம் செய்யாததால் வெட்டுப்பட வாய்ப்பே இல்லை.

கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையின் விளைவை நிரலுக்கு உள்ளீடாக்குவதும் இவ்வகைப் பிழையே. அது மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டது. 2016 தொடக்கத்தில் வந்த குனு அடிப்படைக் கருவிகளின் 8.25ஆம் பதிப்பு முதல், சிக்கலான பெயர்களை எல்எஸ் திரையில் மேற்கோளிட்டுக் காட்டுகிறது. பலருக்கு அது எரிச்சலூட்டினாலும், பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டிய அம்மாற்றம் தேவையான ஒன்றே.

இதுவரை கூறியவை எந்த மொழியினருக்கும் பொருந்துவன. தமிழுக்கே உரிய சிக்கல் வேறு. மேற்கோள்குறியால் அது தீராது. சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியைக் கடந்தால் வரும் ஸ்ரீஹரிகோட்டாவின் பெயரே அதற்குச் சான்று. அதிலுள்ள ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். தொடக்கத்திலுள்ள ‘ஸ்ரீ’யை வழக்கமான ஸகரத்தாலும் அமைக்கலாம், 2005இல் ஒருங்குறி 4.1இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தாலும் அமைக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகவே தோன்றும். ஆக, திரையில் ஒன்றேபோல் தெரியும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பைட் அளவில் நான்கு வடிவங்கள். எக்ஸ்ட்4 முறைமை இந்நான்கையும் ஒரே அடைவில் நான்கு கோப்புகளாக இடர்ப்பாடின்றி வைத்துக்கொள்ளும். பார்ப்பவர் ஒரே பெயர் நான்குமுறை வந்ததாக எண்ணி மூன்றை அழிக்கத் துணிவார்.

ஓகாரத்தின் இரு வடிவங்களும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் விதித்திருப்பதால், இயல்பாக்கம் எனப்படும் முறையால் அவற்றை ஒன்றாக்கலாம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் தந்த வடிவத்தைக் காத்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றெனக் கொள்கிறது. லினக்ஸ் பொதுவாக எதையும் செய்வதில்லை. பழைய மேக்கிலிருந்து பொதிந்து வந்த தமிழ்க் கோப்புகள் லினக்ஸில் தட்டச்சிட்ட பெயருக்குக் கிடைக்காமற்போவதற்கு இதுவே காரணம். ஸ்ரீயின் இரு வடிவங்களையோ ஒருங்குறி ஒன்றெனக் கொள்வதில்லை. அவற்றை இயல்பாக்கமும் சேர்க்காது. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளரி’ என்று எழுதும் பரவலான பிழையும், தமிழ் எண் ஏழு எகரத்தையும் எட்டு அகரத்தையும் ஒத்திருப்பதும் இவ்வகையினவே. ஐயம் நேருமிடத்தில் பெயரைப் பைட்டுகளாக அச்சிட்டுப் பார்ப்பதே முடிவு தரும். கிட் என்ற பதிப்பு மேலாண்மை நிரல், தமிழ்ப் பெயரில் சகரம் வருமிடத்தில் \340\256\232 என்று எட்டடிமான எண்களைக் கொட்டுவது பயனருக்கு வெறுப்பூட்டுவது உண்மையே. ஆனால் இரண்டு ஸ்ரீக்களை வேறுபடுத்த அந்த அலங்கோலமே உதவும்.

தட்டச்சிடவே முடியாத பெயருக்கும் வழி உண்டு. பெயர் என்பது அடைவில் எழுதிய ஒரு வரி மட்டுமே. கோப்பின் உண்மையான அடையாளம் ஐநோடு எனப்படும் உள் எண். எல்எஸ் கட்டளையைக் கேட்டு அவ்வெண்ணைப் பெற்று, அதே எண்ணுள்ள கோப்பை ஃபைண்டின் வழியே மறுபெயரிடவோ அழிக்கவோ செய்யலாம். டிஸ்கி காலத்து வட்டுகளிலிருந்து வந்து யுடிஎஃப்-8ஆகப் படிக்க இயலாமல் கேள்விக்குறிகளாய்த் தெரியும் பெயர்களுக்கு இதுவே கைகொடுக்கும்.

இத்தனை சிக்கலுக்கும் ஒரே மருந்தாகப் பரவலாகச் சொல்லப்படுவது, பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு, கழித்தல் குறி என்ற பாசிக்ஸின் சுருங்கிய எழுத்துத் தொகுப்புக்குள் மாற்றிவிடுதல். நிரலாளர் தம் நிரலுக்குள் பயன்படுத்தும் பெயர்களுக்கு இது பொருந்தும். பிறர் தந்த கோப்புகளுக்கு இதைப் பொருத்துவது பாதுகாப்பு என்ற பெயரில் செய்யும் இழப்பாகிவிடுகிறது. கோயம்புத்தூர் அருகே சூலூர் என்றோர் ஊர் உண்டு. ஆங்கில எழுத்தில் லகர ளகர வேறுபாடு மறைவதால், திருப்பதி மாவட்டத்துச் சூளூர்பேட்டையின் ‘சூளூர்’ என்ற பகுதியும் கோவை மாவட்டத்துச் சூலூரும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து முட்டும். தனக்குத் தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிக்கோடு இடும் கருவிகளின் விளைவு இதனினும் விபரீதமானது. சூளூர்பேட்டைக்குப் பன்னிரண்டு குறியெண்கள். அதே இருப்புப்பாதையில் வடக்கே உள்ள நாயுடுபேட்டைக்கும் பன்னிரண்டு. இரண்டும் பன்னிரண்டு அடிக்கோடுகளாகும். மறுபெயரிடும் ‘எம்வி’ கட்டளை ஏற்கெனவே அப்பெயரில் உள்ள கோப்பின்மேல் எச்சரிக்கையின்றி எழுதிவிடும் ஆதலால், ஓர் ஊரின் ஆவணம் மற்றோர் ஊரின் ஆவணத்தை விழுங்கும். மேலெழுத மறுக்கும் தேர்வை எம்வியோடு சேர்ப்பதும், பழைய பெயரையும் புதிய பெயரையும் சுழியால் பிரித்து ஒரு பட்டியலில் முன்கூட்டியே எழுதி வைப்பதும் இங்கே தவிர்க்கக்கூடாதவை.

மாற்றியே ஆகவேண்டிய குறி ஒன்றே ஒன்றுதான். அதுவோ நில ஆவணங்களுக்கு இன்றியமையாதது. உட்பிரிவு செய்யப்பட்ட நிலத்தின் சர்வே எண் சாய்கோட்டோடு எழுதப்படும். ஆந்திரத்துக் கதவு எண்களிலும் கழித்தல் குறிக்குப் பின் சாய்கோடு வருவது வழக்கம். 123/2 என்று பெயரிட முனைந்தால் இயங்குதளம் 123 என்ற அடைவையே தேடும். சாய்கோட்டைக் கழித்தல் குறியாக மாற்றுவது பலரும் செய்வது. ஆனால் 4-12/3 என்ற கதவு எண்ணும் 4-12-3 என்ற கதவு எண்ணும் அதனால் ஒன்றாகிவிடும். சாய்கோட்டை ஒத்த வேறு ஒருங்குறிக் குறியை இடுவதோ கண்ணை ஏமாற்றும், தேடலைக் கெடுக்கும். கதவு எண்களில் வேறு எங்கும் வாராத அடிக்கோட்டைச் சாய்கோட்டுக்கென்றே ஒதுக்கி, 4-12_3 என எழுதி, அந்த வழக்கை அடைவிலேயே ஒரு குறிப்புக் கோப்பில் பதிந்து வைத்தால், பெயரிலிருந்து எண்ணை மீண்டும் பிழையின்றிப் பெறலாம்.